கோரம் சேர்ந்தால் கிருமிக்கும் துணிச்சல்



நம்முடைய பொதுக்குழுக் கூட்டம் எப்படி நடக்கும் என்று இந்த மலரைப் படிக்கிற எல்லோருக்கும் தெரியும். மாலை ஐந்து மணிக்கு என்று சுற்றறிக்கை போகும். ஐந்தரைக்குத் தலைவரும் செயலாளரும் பொருளாளரும் வந்து உட்கார்ந்திருப்பார்கள். "கோரம் இல்லையே, இன்னும் கொஞ்ச நேரம் பார்க்கலாம்" என்பார் செயலாளர். கோரம் சேராமல் தீர்மானம் போட்டால் செல்லாது. ஆறு மணிக்கு மேல் ஒவ்வொருவராக வந்து, எண்ணிக்கை சரியானதும், அதுவரை வாயே திறக்காதவர்கள்கூட எழுந்து நின்று கணக்குக் கேட்பார்கள்!

இதே விதிப்படி நடக்கிற இன்னொரு கூட்டம் உண்டு. அது நம் வாயிலும் வயிற்றிலும், தயிர்ச் சட்டியிலும், மாடித் தண்ணீர்த் தொட்டியிலும் இரவு பகல் பாராமல் கூடிக்கொண்டே இருக்கிறது. நான் சொல்வது பாக்டீரியா என்னும் நுண்ணுயிர்களை. அவையும் தங்கள் எண்ணிக்கை எவ்வளவு என்று பார்க்கின்றன. போதிய எண்ணிக்கை சேரும் வரை அடங்கி இருக்கின்றன. சேர்ந்த பிறகு எல்லாம் ஒரே நேரத்தில் வேலையை ஆரம்பிக்கின்றன. இதற்கு 1994ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானிகள் பெயர் வைத்தபோது, நம் சங்க விதிகளில் இருக்கிற அதே 'கோரம்' என்ற சொல்லைத்தான் எடுத்துக்கொண்டார்கள். 'கோரம் அறிதல்' என்று அதைத் தமிழில் சொல்லலாம். கோரம் என்றால் தமிழில் பயங்கரம் என்றும் ஒரு பொருள் இருக்கிறது. சில கிருமிகளுக்கு அந்தப் பொருளும் பொருந்தும்.

இதை வெறும் பொது அறிவுச் செய்தியாகச் சொல்ல நான் பேனாவை எடுக்கவில்லை. கிருமியைத் தனி ஆள் என்று எண்ணிக்கொண்டு நாம் போடுகிற சண்டையில் தோற்றுக்கொண்டிருக்கிறோம் என்பது என் கருத்து. அதைக் கூட்டமாகப் பார்க்கப் பழகினால் நம் சமையலறை, தண்ணீர்த் தொட்டி, மருந்து அலமாரி ஆகிய மூன்று இடங்களிலும் சில பழக்கங்களை மாற்றியே ஆகவேண்டும். அதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரை.

மீனுக்குள் அல்ல, கணவாய்க்குள் விளக்கு

முதலில் இந்தக் கோரக் கதை எப்படி வெளிவந்தது என்று பார்ப்போம். கடலில் ஒளிவிடும் பாக்டீரியா ஒன்று இருக்கிறது. அதன் பெயர் விப்ரியோ ஃபிஷரி. காலராக் கிருமிக்கு ஒன்றுவிட்ட உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் நமக்குத் தீங்கு செய்யாதது. ஆய்வுக்கூடத்தில் அதைப் புதிய ஊட்டக் குழம்பில் விட்டால் உடனே ஒளி வருவதில்லை. பெருகிப் பெருகி ஓர் அளவுக்கு நெருக்கம் வந்ததும் எல்லாம் ஒன்றாக ஒளிவிடுகின்றன. 1970இல் நீல்சன், ஹேஸ்டிங்ஸ் முதலானோர் இதற்குக் காரணம் கண்டார்கள். ஒவ்வொரு பாக்டீரியாவும் ஒரு சிறு இரசாயனப் பொருளைக் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே விடுகிறது. ஆள் குறைவாக இருந்தால் அது தண்ணீரில் கரைந்து போய்விடும். ஆள் நிறைய இருந்தால் அந்தப் பொருளும் நிறையச் சேரும். அந்த அளவைக் கொண்டுதான் பாக்டீரியா 'கூட்டம் கூடிவிட்டது' என்று தெரிந்துகொள்கிறது.

ஹவாய்த் தீவுப் பக்கத்தில் கட்டை விரல் அளவுள்ள ஒரு கணவாய், இந்தப் பாக்டீரியாவைத் தன் உடம்பில் ஒரு பையில் வைத்து வளர்க்கிறது. இரவில் அந்த ஒளி கீழ்நோக்கி அடிப்பதால் நிலா வெளிச்சத்தில் கணவாயின் நிழல் விழுவதில்லை. கீழிருந்து பார்க்கிற மீனுக்கு இரை தெரிவதில்லை. விடிந்ததும் கணவாய் என்ன செய்கிறது தெரியுமா? பையில் இருப்பதில் பத்தில் ஒன்பது பங்கைக் கடலில் துப்பிவிடுகிறது. கோரம் போய்விடும், விளக்கு அணைந்துவிடும். மாலைக்குள் மிச்சம் இருப்பவை பெருகி மறுபடி கோரம் சேர்ந்துவிடும். மின்சார வாரியம்கூட இவ்வளவு ஒழுங்காக விளக்கை ஏற்றி அணைப்பதில்லை!

பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துப் பேராசிரியை போனி பாஸ்லர் இன்னொரு செய்தியைக் கண்டார். சில பாக்டீரியாக்களுக்கு இரண்டு 'மொழிகள்' இருக்கின்றன. ஒன்று சொந்த இனத்துக்குள் பேச. மற்றொன்று பல இனங்களுக்கும் பொதுவானது. இதைப் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சித்தூரிலும் திருப்பதியிலும் இருக்கிற நமக்கு இதை யாரும் விளக்கவேண்டியதில்லை. வீட்டில் தமிழ், வாசல் தாண்டினால் தெலுங்கு. எந்த மொழி எவ்வளவு கேட்கிறது என்பதைக் கொண்டே அந்தப் பாக்டீரியாவும் 'இங்கே நம்மவர் எத்தனை பேர், மற்றவர் எத்தனை பேர்' என்று கணக்குப் போடுகிறது.

துணைக்குத் தெலுங்கில் ஒரு சொல்

நல்ல கூட்டணிகளை முதலில் சொல்லிவிடுகிறேன். எல்லாக் கிருமியும் பகை என்று நினைப்பது நம்மைத் தொலைக்காட்சி விளம்பரங்கள் பிடித்துத் தள்ளிய குழி.

பாலுக்கு உறை ஊற்றுகிறோம். இதைத் தெலுங்கில் 'தோடு' பெட்டுவது என்கிறார்கள். 'தோடு' என்றால் துணை. பாலுக்குத் துணை சேர்ப்பது! இதைவிடச் சரியான சொல் எந்த விஞ்ஞானப் புத்தகத்திலும் கிடைக்காது. யோகர்ட் என்று கடையில் விற்கிற தயிரில் இரண்டு பாக்டீரியாக்கள் ஜோடியாக வேலை செய்கின்றன. ஒன்று முதலில் பெருகி, மற்றதற்கு வேண்டிய ஃபார்மிக் அமிலத்தையும் கரியமில வாயுவையும் தருகிறது. மற்றது பாலின் புரதத்தை உடைத்து, முதலாவதற்கு வேண்டிய சிறு துண்டுகளாக்கித் தருகிறது. தனித்தனியே விட்டால் இரண்டும் மெதுவாகத்தான் புளிக்க வைக்கும். சேர்த்து விட்டால் வேகம் கூடும். நம் வீட்டுத் தயிரில் இந்த ஜோடி மட்டும் இல்லை, வேறு பல வகைகளும் சேர்ந்து குடித்தனம் நடத்துகின்றன. அதனால்தான் உங்கள் வீட்டுத் தயிர் ருசி அடுத்த வீட்டில் வருவதில்லை.

இட்லி மாவும் அப்படியே. 1965இலேயே இதை ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். லூக்கோனாஸ்டாக் என்ற பாக்டீரியா முதலில் பெருகி வாயுவை உண்டாக்கி மாவைப் பொங்க வைக்கிறது. பின்னால் வருகிறவை புளிப்பைக் கூட்டுகின்றன. புளிப்பு ஏறியபின் கெட்ட கிருமிகளுக்கு அங்கே இடம் இல்லை. ஒரு குழு இடத்தைத் தயார் செய்ய, மறு குழு காவல் நிற்கிறது. இதில் ஈஸ்ட் பாக்கெட்டுக்கு வேலையே இல்லை.

மூன்றாவது உதாரணம் நம் மாவட்டத்து மண்ணிலேயே இருக்கிறது. நம் வட ஆற்காட்டுப் பேச்சில் மல்லாட்டை, தெலுங்கில் வேருசெனக, புத்தகத்தில் நிலக்கடலை. (1911இல் சித்தூர் மாவட்டம் பிரிகிறவரை இந்தப் பக்கமெல்லாம் வட ஆற்காடு ஜில்லாதானே!) திருப்பதி வேளாண் ஆராய்ச்சி நிலையம் தந்த 'நாராயணி', 'தரணி' ரகங்களைக் கேள்விப்படாத விவசாயி இந்தப் பக்கம் குறைவு. மல்லாட்டைச் செடியைப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் சிறு சிறு முண்டுகள் இருக்கும். அதில் ஒன்றை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் வேலை நடக்கிறது என்று பொருள். அதற்குள் லட்சக்கணக்கில் ரைசோபியம் வகைப் பாக்டீரியாக்கள் குடியிருந்து, காற்றில் இருக்கும் நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்கு உரமாக்கித் தருகின்றன. செடி பதிலுக்குச் சர்க்கரைச் சத்து தருகிறது. விதைப்பதற்கு முன் ரைசோபியம் கல்ச்சரை வெல்லக் கரைசலில் கலந்து விதைமேல் பூசி நிழலில் உலர்த்துகிறார்களே, அது இந்தக் குடித்தனத்துக்குப் பால் காய்ச்சுகிற மாதிரிதான்.

வழவழப்பு என்னும் கோட்டை

இனி கெட்ட கூட்டத்துக்கு வருவோம். நான் ஒரு பால் பரிசோதனைக் கூடத்தில் பல ஆண்டுகள் உத்தியோகம் பார்த்தவன். சித்தூர்ப் பக்கம் பால் பெருகிய ஊர். கிராமம் கிராமமாகக் கேன்களில் பால் வந்து இறங்கும். பத்து மில்லி பாலில் ஒரு மில்லி மெத்திலீன் நீலச் சாயத்தைக் கலந்து 37 டிகிரி வெப்பத்தில் வைத்துவிட்டு, நீலம் எப்போது போகிறது என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருப்போம். ஐந்து மணி நேரம் தாண்டியும் நீலம் நின்றால் மிக நல்ல பால். அரை மணியில் வெளுத்துவிட்டால் கிருமி மண்டிய பால்.

ஒரே ஊர்ப் பால், ஒரே மாடுகள், ஒரே நேரம். ஆனால் ஒரு கேனில் நீலம் நிற்கும், பக்கத்துக் கேனில் நிற்காது. காரணத்தைத் தேடிப் போனால் பெரும்பாலும் கேனின் கழுத்து மடிப்பிலோ, மூடியின் ரப்பர் வளையத்திலோ கை வைத்தால் வழுக்கும். அந்த வழவழப்புதான் கிருமியின் கோட்டை. விஞ்ஞானிகள் இதை பயோபிலிம் என்கிறார்கள். நாம் கிருமிப் படலம் என்று சொல்வோம். தண்ணீரில் மிதக்கிற பாக்டீரியா ஒரு பரப்பில் ஒட்டிக்கொள்கிறது; பெருகுகிறது; பிறகு பசை போன்ற ஒரு பொருளைச் சுரந்து தன்னையும் மற்றவற்றையும் மூடிக்கொள்கிறது. அதற்குள் தண்ணீரும் உணவும் ஓட வாய்க்கால்கள்கூட உண்டு. வசதி முற்றியதும் சில உறுப்பினர்கள் கழன்று போய் வேறிடத்தில் கிளைச் சங்கம் ஆரம்பிக்கும்!

இந்தக் கோட்டையின் பலத்தை முதலில் பார்த்தவர் நுண்ணோக்கியில் பாக்டீரியாவையே முதலில் பார்த்த லேவன்ஹூக்தான். ஹாலந்து நாட்டுத் துணி வியாபாரியான அவர், தன் பல்லில் சுரண்டி எடுத்த வெள்ளைப் படிவத்தில் உயிர்கள் நெளிவதைப் பற்றி 1683இல் லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். வினிகரால் வாய் கொப்பளித்துப் பார்த்ததில் படிவத்தின் வெளிப்பக்கத்தில் இருந்தவை மட்டும் செத்தன, உள்ளே இருந்தவை சாகவில்லை என்பதையும் கவனித்தார். முந்நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் நம்மில் பலர் வாய் கொப்பளிக்கும் மருந்து வாங்கினால் போதும், பல் துலக்குவதில் அவசரம் காட்டலாம் என்று நினைக்கிறோமே!

பால் பண்ணைகளில் குழாய்களைக் காஸ்டிக் சோடாக் கரைசலாலும் பிறகு அமிலத்தாலும் சூடாகக் கழுவுவது இந்தக் கோட்டையைக் கரைக்கத்தான். பாலை 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்கிக் கிருமியைக் கொன்றாலும், அதன்பின் போகிற குழாயில் படலம் இருந்தால் அத்தனை உழைப்பும் வீண். இதை நம் வீட்டுக்குப் பொருத்திப் பாருங்கள். இருபது லிட்டர் கேன் தண்ணீரைக் கவிழ்த்து வைக்கிறோமே, அந்தக் குழாய்ப் பாத்திரத்தின் உட்புறத்தைக் கடைசியாக எப்போது தேய்த்துக் கழுவினோம்? பிள்ளைகள் பள்ளிக்குக் கொண்டுபோகிற தண்ணீர் பாட்டிலின் மூடிக்குள் இருக்கிற ரப்பர் வளையத்தைக் கழற்றிப் பார்த்தது உண்டா? அடுக்குமாடி வீடுகளில் மேல்தொட்டிக்குள் குளோரின் மாத்திரை போட்டுவிட்டால் கடமை முடிந்தது என்று இருக்கிறோம். சுவரில் வழவழப்பு இருக்கும் வரை குளோரின் மேலே இருப்பதைக் கொன்றுவிட்டு அங்கேயே தீர்ந்துபோகும். முதலில் தண்ணீரை இறக்கி, தேய்த்து, காய விட்டு, அதன்பின் குளோரின் போடவேண்டும். நம் பாட்டிமார் செப்புக் குடத்தைப் புளி போட்டுத் தேய்த்து வெயிலில் கவிழ்த்தார்கள். விஞ்ஞானம் படிக்கவில்லை, ஆனால் அலசுவது வேறு, தேய்ப்பது வேறு என்று தெரிந்து வைத்திருந்தார்கள்.

கூட்டமே பலவீனமாகிற இடமும் உண்டு. காலராக் கிருமி குளத்து நீரில் பெரும்பாலும் தனியே மிதப்பதில்லை. கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாத சின்னஞ்சிறு நீர்ப்பூச்சிகளின் உடம்பில் கூட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும். ரீட்டா கோல்வெல் என்ற அமெரிக்க விஞ்ஞானி இதை வைத்து ஒரு யோசனை செய்தார். வங்காள தேசத்துக் கிராமப் பெண்களிடம், பழைய பருத்திப் புடவையை நாலாக மடித்துக் குடத்து வாயில் கட்டித் தண்ணீர் பிடிக்கச் சொன்னார்கள். கிருமி தனியாக இருந்தால் புடவை அதைத் தடுக்கவே முடியாது. பூச்சியோடு இருந்ததால் பூச்சி வடிபட, கிருமியும் வடிபட்டது. அந்தக் கிராமங்களில் காலரா ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என்று 2003இல் அறிக்கை வந்தது. 1992இன் இறுதியில் அன்றைய மதராஸில் ஓ-139 என்ற புது ரகக் காலரா கிளம்பிப் பரவியதை நினைவு வைத்திருப்பவர்களுக்கு, ஒரு பழைய புடவையின் மதிப்பு புரியும். கொதிக்க வைத்த நீருக்கு அது ஈடாகாது. ஆனால் விறகில்லாத இடத்தில் அது உயிர் காக்கும்.

மருந்துக்கடையில் நான்கு மாத்திரை

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த இடத்துக்கு வந்துவிட்டேன்.

கிருமிப் படலத்துக்குள் இருக்கிற பாக்டீரியா, தனியே மிதக்கிற அதே பாக்டீரியாவைவிட நூறு மடங்கு, சில சமயம் ஆயிரம் மடங்கு மருந்தையும் தாங்கிக்கொள்ளும். மருந்து பசைக்குள் நுழைவது கஷ்டம் என்பது ஒரு காரணம். உள்ளே ஆழத்தில் இருப்பவை உணவு குறைந்து அரைத் தூக்கத்தில் இருக்கும். வளர்கிற கிருமியைத் தாக்குகிற மருந்து, வளராமல் கிடப்பதை ஒன்றும் செய்யாது என்பது இன்னொரு காரணம். 1944இலேயே ஜோசப் பிக்கர் என்ற மருத்துவர், பென்சிலின் கொடுத்தும் சாகாமல் பதுங்கி இருக்கிற சில கிருமிகளைக் கண்டு எழுதினார். மருந்து நின்றதும் அவை எழுந்து குடும்பத்தைப் பெருக்கிவிடும்.

சர்க்கரை வியாதிக்காரர்களின் ஆறாத கால் புண், சிறுநீர்க் குழாய் போட்டவர்களுக்குத் திரும்பத் திரும்ப வரும் காய்ச்சல், பித்தப்பைக் கல்லில் ஒளிந்திருந்து பல வருஷம் கழித்தும் மற்றவருக்குப் பரவுகிற டைபாய்டு ஆகியவற்றில் எல்லாம் இந்தப் படலத்தின் கைவரிசை இருக்கிறது. டாக்டர் புண்ணைச் சுரண்டிச் சுத்தம் செய்யவேண்டும் என்று சொல்லும்போது, "மாத்திரையிலேயே சரி பண்ணிடுங்க சார்" என்று நாம் கெஞ்சுகிறோம். மாத்திரை கோட்டைச் சுவரில் எறிந்த கல். சுரண்டுவதுதான் சுவரை இடிப்பது.

இதைவிட மோசமான இன்னொரு பழக்கம் நம்மிடம் இருக்கிறது. காய்ச்சல் வந்ததும் மருந்துக்கடைக்குப் போய், போன தடவை டாக்டர் எழுதிய சீட்டையோ காலி அட்டையையோ காட்டி, "நாலு மாத்திரை கொடுங்கள்" என்கிறோம். இரண்டு நாளில் காய்ச்சல் இறங்கினால் மிச்ச இரண்டை அலமாரியில் வைத்து, அடுத்த மாதம் பேரனுக்குத் தும்மல் வந்தால் எடுத்துக் கொடுக்கிறோம். ஜலதோஷம் வைரஸால் வருவது. பாக்டீரியாவைக் கொல்லும் மருந்து அதை ஒன்றும் செய்யாது. ஆனால் வயிற்றில் இருக்கிற நல்ல கூட்டத்தைக் கலைத்துவிடும். மருந்துக்குத் தப்பிய கெட்டது ஒன்றிரண்டு இருந்தால் அதற்கு இடம் காலி செய்து கொடுக்கும்.

அப்படித் தப்பிய கிருமி சும்மா இருப்பதில்லை. மருந்தை வெல்லும் வித்தையைப் பக்கத்தில் இருப்பதற்கும் கற்றுக்கொடுக்கிறது. ஒன்றிலிருந்து மற்றதற்கு மரபுத் துணுக்கு கைமாறுகிறது. சொந்த இனமாக இருக்கவேண்டும் என்றுகூட இல்லை. நெருங்கி வாழும் படலத்துக்குள் இந்தக் கைமாற்று இன்னும் சுலபம். 2010இல் என்.டி.எம்.-1 என்ற எதிர்ப்புச் சக்தியைப் பற்றி லான்செட் குழும இதழில் வந்த கட்டுரை உலகத்தையே உலுக்கியது. அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கார்த்திகேயன் குமாரசாமி. சென்னையிலும் ஹரியானாவிலும் எடுத்த மாதிரிகள் அதில் இருந்தன. கடைசிப் புகலிடமாக வைத்திருந்த கார்பபீனம் மருந்துகளையே அந்தக் கிருமிகள் வென்றுவிட்டன. புதுடெல்லியின் பெயரை அதற்கு வைத்துவிட்டார்களே என்று நாட்டில் பெரிய கூச்சல் எழுந்தது. பெயருக்காகப் போட்ட கூச்சலில் பாதியையாவது காரணத்துக்காகப் போட்டிருக்கலாம் என்பது என் எண்ணம்.

நல்ல வேளையாகச் சிலர் காரணத்தையும் பார்த்தார்கள். 2012இல் சென்னையில் மருத்துவச் சங்கங்கள் கூடி, டாக்டர் அப்துல் கபூரின் முயற்சியில், 'சென்னைப் பிரகடனம்' என்ற திட்டத்தை வகுத்தன. 2014 மார்ச் முதல் 'ஹெச்-1' அட்டவணை அமலுக்கு வந்தது. அதில் உள்ள மருந்துகளைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது. யாருக்கு, எந்த டாக்டர் எழுதியது என்று கடைக்காரர் பதிவேட்டில் எழுதவேண்டும். 2016இல் மாத்திரை அட்டையில் இருக்கிற சிவப்புக் கோட்டைப் பற்றி மத்திய அரசு பிரசாரம் செய்தது. சட்டம் இருக்கிறது, சிவப்புக் கோடு இருக்கிறது. சீட்டு இல்லாமல் கேட்கிற வாய் நம்முடையது. 2019ஆம் ஆண்டில் மட்டும் உலகத்தில் மருந்துக்குக் கட்டுப்படாத பாக்டீரியாவினால் நேரடியாக இறந்தவர்கள் ஏறக்குறைய 12.7 லட்சம் பேர் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். பென்சிலினைக் கண்டுபிடித்த ஃபிளெமிங், 1945இல் நோபல் பரிசு வாங்கிய மேடையிலேயே அரைகுறை அளவில் மருந்து சாப்பிடுவதன் ஆபத்தை எச்சரித்தார். பரிசு கொடுத்தார்கள், எச்சரிக்கையை வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

கடைக்காரரை மட்டும் குறை சொல்வதில் எனக்கு உடன்பாடு இல்லை. டாக்டர் ஃபீஸ் கட்ட முடியாத குடும்பமும், ஒரு நாள் கூலியை இழக்க முடியாத தொழிலாளியும் நான்கு மாத்திரைதான் கேட்பார்கள். வேலூர் சி.எம்.சி.யும் திருப்பதி ஸ்விம்ஸும் ரூயா ஆஸ்பத்திரியும் கூப்பிடு தூரத்தில் இருக்கிற நமக்கு அந்தச் சாக்குக் கிடையாது. நம் வீடுகளில் நடப்பது ஏழ்மையால் அல்ல, அவசரத்தால்.

கூடி வாழ்ந்தால் யாருக்குக் கோடி நன்மை?

பாக்டீரியாவின் ஒற்றுமையைப் பற்றிச் சொன்னதும் மேடைப் பேச்சாளர் ஒருவர் எழுந்து, "கண்ணுக்குத் தெரியாத கிருமியே கூடி வாழ்கிறது, தமிழா நீ ஏன் பிரிந்து நிற்கிறாய்?" என்று கை தட்டல் வாங்கிவிடுவார். நானும் கை தட்டுவேன். ஆனால் உவமையை முழுசாகப் பார்த்துவிட்டுத் தட்டுவது நல்லது.

பாக்டீரியாக் கூட்டத்திலும் சந்தா கட்டாதவர்கள் உண்டு! சூடோமோனாஸ் என்ற கிருமி, சுற்றிலும் இருக்கிற இரும்புச் சத்தைப் பிடித்து வர ஒரு பொருளைச் சுரந்து வெளியே விடுகிறது. அது எல்லோருக்கும் பொதுச் சொத்து. சில உறுப்பினர்கள் அதைச் சுரக்காமலே மற்றவர் பிடித்த இரும்பைத் தின்று கொழுக்கும். செலவு இல்லாததால் அவை வேகமாகப் பெருகும். அளவு மீறிப் பெருகினால் கூட்டமே நொடித்துப் போகும்.

செடி இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. சோயாச் செடியில் 2003இல் ஒரு சோதனை செய்தார்கள். சில வேர் முண்டுகளைச் சுற்றி நைட்ரஜன் இல்லாத காற்றை வைத்து, உள்ளே இருக்கும் பாக்டீரியா வேலை செய்ய முடியாமல் ஆக்கினார்கள். வேலை செய்யாத முண்டுகளுக்குச் செடி வசதியைக் குறைத்துவிட்டது. அங்கே பாக்டீரியாவின் பெருக்கம் ஏறக்குறைய பாதியாகிவிட்டது. சண்டை இல்லை, தீர்மானம் இல்லை, வெளிநடப்பு இல்லை. உழைக்கிற இடத்துக்குச் சாப்பாடு போகிறது, உழைக்காத இடத்துக்குக் குறைகிறது. எனவே கூடுவது மட்டும் நல்லதாகிவிடாது. எதற்குக் கூடுகிறோம், யார் உழைக்கிறார்கள், யார் பயன் அடைகிறார்கள் என்ற மூன்றையும் கேட்டுப் பார்த்தபின்தான் ஒரு கூட்டத்தை நல்லது என்று சொல்லலாம். தயிர்ச் சட்டியில் இருப்பதும் கூட்டம்தான், ஆறாத புண்ணில் இருப்பதும் கூட்டம்தான்.

சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள்

பொங்கல் விழாவும் கோலப் போட்டியும் பட்டிமன்றமும் நடக்கட்டும். அவை இல்லாமல் சங்கம் இல்லை. அவற்றோடு நான் மூன்றைக் கேட்கிறேன்.

முதலாவது, ஆண்டுக்கு ஒரு மாலையாவது தமிழில் அறிவியல் பேச்சு வைக்கவேண்டும். திருப்பதியில் 1954 முதல் வேங்கடேசுவரா பல்கலைக்கழகம் இருக்கிறது. 2015 முதல் ஐசர் என்னும் மத்திய அரசின் அறிவியல் கல்வி நிலையமும் இருக்கிறது. இந்தப் பக்கம் வேலூர் இருக்கிறது. நம் பிள்ளைகள் தெலுங்கிலோ ஆங்கிலத்திலோ அறிவியல் படிக்கிறார்கள். தமிழ் அவர்களுக்குப் பாட்டியிடம் பேசவும் சினிமாப் பாட்டுக் கேட்கவும் மட்டும் என்று ஆகிவிட்டது. உறை, புளிப்பு, வழவழப்பு, முண்டு என்று சொல்லியே பாக்டீரியாவின் வாழ்க்கையில் முக்கால் பங்கைத் தமிழில் விளக்கிவிடலாம் என்று அவர்கள் ஒரு தடவையாவது காதால் கேட்கட்டும்.

இரண்டாவது, உறுப்பினர் ஒவ்வொருவரும் தம் வீட்டு மருந்து அலமாரியைத் திறந்து, சிவப்புக் கோடு போட்ட மிச்ச மாத்திரை அட்டைகளைப் பார்க்கவேண்டும். அவற்றை அடுத்தவருக்குக் கொடுக்கக்கூடாது. மறுமுறைக்கு என்று வைத்துக்கொள்ளவும் கூடாது. டாக்டர் எத்தனை நாள் சொன்னாரோ அத்தனை நாள் சாப்பிடுவது; வேண்டாம் என்று அவர் சொன்னால், "ஒரு ஆண்டிபயாடிக் எழுதிக் கொடுங்களேன்" என்று நச்சரிக்காமல் திரும்பி வருவது. நம் சங்கத்தில் உள்ள மருந்துக்கடை நண்பர்களுக்கு என் தனிப்பட்ட வேண்டுகோள்: சீட்டு இல்லாமல் நானே வந்து கேட்டாலும் கொடுக்காதீர்கள்.

மூன்றாவது, விழாச் சமையலுக்கு வாங்குகிற தண்ணீர்ப் பீப்பாய்களையும் மோர்ப் பானைகளையும் அலசி வைக்காமல், நாரால் தேய்த்து வெயிலில் கவிழ்த்து வைக்கத் தொண்டர்களில் நான்கு பேரை நியமிக்கவேண்டும். மேடையில் அவர்கள் பெயரைப் படிக்கவேண்டும். பொன்னாடை போர்த்தினாலும் தகும்.

இந்த மூன்றையும் அடுத்த பொதுக்குழுவில் தீர்மானமாகக் கொண்டுவர எண்ணியிருக்கிறேன். நண்பர்கள் ஐந்து மணிக்கே வந்து கோரம் சேர்த்துக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.